டெர்மின் கிடைக்கவில்லை, ப்ளூ கார்டு முடியப்போகிறது

கேள்வி: வணக்கம் மேடம். எனக்குச் சொந்த ஊர் மதுரைப் பக்கம். மூன்று வருடத்துக்கு மேலாக ஜெர்மனியில் ஒரே கம்பெனியில் சாஃப்ட்வேர் இன்ஜினியராக இருக்கிறேன். என் ப்ளூ கார்டு (படித்த வெளிநாட்டினருக்குத் தரும் வேலை, குடியிருப்பு அனுமதி அட்டை) நவம்பர் 28 அன்று முடிகிறது. ஆகஸ்டிலிருந்து வெளிநாட்டினர் அலுவலகத்தின் தளத்தில் டெர்மின் (நேரில் போய்ப் பார்க்க முன்பதிவு நேரம்) தேடிக்கொண்டே இருக்கிறேன், ஒன்றும் காலியில்லை. மெயில் போட்டால் 'உங்கள் செய்தி கிடைத்தது' என்று தானியங்கி பதில் வருகிறது, அதோடு சரி. கார்டு முடிந்த மறுநாளிலிருந்து வேலைக்கு வரக்கூடாது என்கிறார்கள் எச்.ஆரில். ஜனவரியில் ஊரில் தங்கை கல்யாணம். தோஹா வழியாக டிக்கெட் போட்டாயிற்று. இன்னொன்று, போன வருடம் பாஸ்போர்ட் புதுப்பித்தபோது சர்நேம் கட்டத்தில் அப்பா பெயரைச் சேர்த்தேன். பழையதில் அந்தக் கட்டம் காலி. இப்போது அதுவும் பிரச்சினையாகுமா? 300 யூரோ கொடுத்தால் டெர்மின் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? ஜெர்மன் மொழியில் ஏ1 என்ற தொடக்க நிலையை முடித்திருக்கிறேன்.

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அந்த 300 யூரோவைக் கொடுக்காதீர்கள். டெர்மின் விற்கும் ஆட்கள் காலி இடங்களை மென்பொருள் வைத்து மொத்தமாகப் பிடித்து வைத்துக்கொண்டு விற்கிறார்கள். பதிவில் இருக்கும் பெயரும் நேரில் வருபவரின் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பணம் போனது போனதுதான். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. உங்களுக்கு இப்போது அவசரமாக வேண்டியது டெர்மினே இல்லை. விண்ணப்பம்.

நம்மவர்கள் முக்கால்வாசிப் பேர் இந்த இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். நம்மூரில் தாலுகா ஆபீஸில் அதிகாரியைப் பார்த்து மனுவைக் கையில் கொடுத்தால்தான் கொடுத்த மாதிரி. அந்தப் பழக்கத்தில், இங்கேயும் கவுண்டரில் போய் உட்காரும்வரை எதுவும் தொடங்கவில்லை என்று தோன்றுகிறது. ஜெர்மன் குடியிருப்புச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. அதன் 81ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு சொல்வது இதுதான்: கையில் இருக்கும் அனுமதி காலாவதியாகும் முன்பே நீட்டிப்புக்கோ வேறு வகை அனுமதிக்கோ விண்ணப்பித்துவிட்டால், அலுவலகம் முடிவு சொல்லும்வரை பழைய அனுமதி தொடர்வதாகவே கருதப்படும். அதில் இருந்த வேலை உரிமையும் சேர்ந்தே தொடரும். ஆகவே உங்களைக் காப்பாற்றப்போவது விண்ணப்பம் அங்கே போய்ச் சேர்ந்த தேதி. அதை ஒரு அலுவலர் எப்போது பிரித்துப் படிக்கிறார் என்பது அவர்கள் பாடு.

சரி, ஆகஸ்டிலிருந்து நீங்கள் போட்ட மெயில்களில் என்ன எழுதியிருந்தீர்கள்? 'டெர்மின் வேண்டும்' என்று மட்டும்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அதை விண்ணப்பமாக எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பி உட்கார முடியாது. 'என் குடியிருப்பு அனுமதியை நீட்டிக்க இதன்மூலம் விண்ணப்பிக்கிறேன்' என்ற வாக்கியம் எங்காவது இருந்தால் கதை வேறு. இல்லையென்றாலும் கெட்டுப்போகவில்லை, நவம்பர் 28 இன்னும் வரவில்லையே. தேதி தாண்டிய பிறகு விண்ணப்பித்தாலும், தேவையற்ற கொடுமையைத் தவிர்க்க பழைய அனுமதி தொடரும் என்று அலுவலகம் உத்தரவிட முடியும். ஆனால் அது அவர்கள் மனது வைத்தால் நடப்பது. அந்த நிலைக்குப் போக வேண்டாம்.

விண்ணப்பத்தை எப்படி அனுப்புவது? உங்கள் நகரத்து அலுவலகத்தின் தளத்தில் ஆன்லைன் படிவம் இருந்தால் முதலில் அதை நிரப்பி அனுப்புங்கள். முடிந்ததும் வரும் உறுதிப்பக்கத்தை, தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி, பிடிஎஃப்பாக எடுத்து வையுங்கள். அதோடு நிற்காமல் அதே விண்ணப்பத்தை ஜெர்மன் மொழியில் ஒரு பக்கக் கடிதமாக எழுதி, கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஃபேக்ஸ் எண் இருந்தால் ஃபேக்ஸும் அனுப்பலாம். சிரிக்காதீர்கள், இந்த நாட்டில் அலுவலகங்களுக்கு ஃபேக்ஸ் இன்னும் போகிறது. அனுப்பியதும் வரும் அறிக்கைத் தாளுக்கு நல்ல மதிப்பும் இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதாதீர்கள். அலுவல் மொழி ஜெர்மன் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆங்கிலக் கடிதத்தை ஓரமாக ஒதுக்கி வைத்தால் அவர்களை நாம் குறை சொல்ல முடியாது.

கடிதத்தில் வளர்த்திப் பேச வேண்டாம். பெயர், பிறந்த தேதி, முகவரி, இப்போதைய அட்டையின் எண், பழைய கடிதங்களில் இருக்கும் உங்கள் கோப்பு எண், அட்டை முடியும் தேதி, என்ன கேட்கிறீர்கள், இணைப்புகள் எவை, அவ்வளவுதான். கடைசியில் ஒரு வரி: '81ஆம் பிரிவு, 5ஆம் உட்பிரிவின்படி எனக்குரிய சான்றை வழங்கவும்.' அந்தச் சான்றின் பெயர் ஃபிக்சியோன்ஸ்பெஷைனிகுங். நாக்கு சுளுக்கிக்கொள்ளும் பெயர். இனி இங்கே ஃபிக்‌ஷன் தாள் என்றே சொல்கிறேன். கட்டணம் 13 யூரோ. புதிய உரிமை எதையும் அது தருவதில்லை. ஏற்கெனவே உங்களுக்கு இருக்கும் உரிமையை மற்றவர்களுக்குக் காட்டும் தாள் அது.

இணைப்புகளில் பாஸ்போர்ட், இப்போதைய அட்டையின் இரண்டு பக்கமும், வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, நீங்கள் இன்னும் அங்கே வேலை செய்கிறீர்கள் என்று நிறுவனம் தரும் கடிதம், மருத்துவக் காப்பீட்டுச் சான்று, வீட்டு ஒப்பந்தம், முகவரிப் பதிவுச் சான்று, ஏ1 சான்றிதழ் எல்லாம் இருக்கட்டும். ஏதாவது ஒன்று கைக்கு வரவில்லை என்பதற்காக அனுப்புவதைத் தள்ளிப்போடாதீர்கள். 'பின்னர் அனுப்புகிறேன்' என்று எழுதி அனுப்பிவிடுங்கள். ஃபோட்டோவை இப்போதே ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு வைக்க வேண்டாம். 2025 மே முதல் டிஜிட்டல் ஃபோட்டோ முறை வந்துவிட்டது. அலுவலகத்திலேயே எடுப்பார்கள், அல்லது அங்கீகாரம் பெற்ற ஸ்டுடியோவில் எடுத்து அதன் குறியீட்டைக் கொண்டுபோக வேண்டும்.

இப்போது நீங்கள் கேட்காத ஒரு விஷயம். கடிதத்தைப் படித்ததும் என் கண்ணில் முதலில் பட்டது இதுதான்: மூன்று வருடத்துக்கு மேல் வேலை, ஏ1 முடித்தாயிற்று, பிறகு ஏன் ப்ளூ கார்டு நீட்டிப்பைக் கேட்கிறீர்கள்? ப்ளூ கார்டு வைத்திருப்பவர், அதற்குத் தகுதியான வேலையில் 27 மாதம் இருந்து, அத்தனை மாதமும் ஓய்வூதியக் காப்பீட்டுக்குக் கட்டாயச் சந்தா போயிருந்தால், ஏ1 ஜெர்மனோடு நிரந்தரக் குடியிருப்பு அனுமதி கேட்கலாம். அதைவிட உயர்ந்த, நடுத்தர நிலையான பி1 இருந்தால் 21 மாதமே போதும். நிபந்தனைகள் நிறைவேறினால் அதைக் 'கொடுக்க வேண்டும்' என்றே சட்டம் எழுதியிருக்கிறது. அலுவலரின் விருப்பத்துக்கு விடப்பட்ட சலுகை இல்லை. நீட்டிப்புக்கு 93 யூரோ, நிரந்தர அனுமதிக்கு 113 யூரோ. இருபது யூரோ வித்தியாசத்தில், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தரம் இதே அவஸ்தையைப் படும் தலைவலி போகும். வேலை மாறினால் அலுவலகத்துக்குத் தெரியப்படுத்துவது, வேலை போனால் அனுமதியும் போய்விடுமோ என்ற பயம், வருடாவருடம் ஏறும் சம்பள வரம்பு (2025இல் 48,300 யூரோ, ஐடி போன்ற ஆள் பற்றாக்குறைத் துறைகளுக்கு 43,759.80 யூரோ) இவையெல்லாம் அதன்பிறகு உங்கள் கவலை இல்லை.

ஆகவே கடிதத்தில் இரண்டையும் கேளுங்கள். முதன்மையாக நிரந்தர அனுமதி. அது உடனே முடியாத பட்சத்தில் ப்ளூ கார்டு நீட்டிப்பு. ஜெர்மன் வக்கீல்கள் இந்த இரண்டாவதை 'ஹில்ஃப்ஸ்வைஸெ' (அது முடியாவிட்டால் இது) என்று போட்டு எழுதுவார்கள். அந்த ஒரு சொல் இருந்தால் போதும், படிக்கிற அலுவலருக்குப் புரிந்துவிடும். 81ஆம் பிரிவின் பாதுகாப்பு இரண்டு வகை விண்ணப்பத்துக்கும் உண்டு.

ஓய்வூதியச் சந்தாவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஜெர்மன் ஓய்வூதியக் காப்பீட்டு அமைப்பிடம் உங்கள் காப்பீட்டு வரலாற்றுத் தாளைக் கேளுங்கள். இணையத்திலேயே கேட்கலாம், காசு கிடையாது, தபாலில் வரும். அதைப் பார்த்தால் போன டிசம்பரோடு கணக்கு நின்றிருக்கும். பயந்துவிடாதீர்கள். ஒரு வருடத்துக்கான தகவலை நிறுவனங்கள் அடுத்த பிப்ரவரி 15க்குள் அனுப்பினால் போதும், அதனால் நடப்பு வருடம் அதில் ஏறியிருக்காது. ஜனவரி முதல் இன்றுவரைக்கான சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். இந்த ஒரு சின்ன இடைவெளியால் '27 மாதம் காட்டவில்லை' என்று கோப்பு திரும்பி வந்து, மறுபடி வரிசையின் கடைசிக்குப் போவதை என் வேலையில் அடிக்கடி பார்க்கிறேன்.

அடுத்தது பெயர். தமிழர்களுக்கு ஜெர்மனியில் இது தனித் தலைவலி. நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். இங்கே கணினிக்கு இரண்டு கட்டமும் நிரம்பியாக வேண்டும். உங்கள் பழைய பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்ததால், இப்போதைய அட்டையில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கும், முதற்பெயர் இடத்தில் ஒரு கோடு இருக்கும். எடுத்துப் பாருங்கள். புதிய பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் ஆகிவிட்டது. உங்கள் பெயர் முதற்பெயருக்கு வந்துவிட்டது. ஜெர்மன் அலுவலரின் பார்வையில் இவை இரண்டு வேறு ஆட்களின் பெயர்கள். புதுப்பெயரில் வரும் மெயிலுக்குப் பழைய பெயரில் இருக்கும் கோப்பைத் தேடினால் கிடைக்காது. உங்கள் மெயில்களுக்குப் பதிலே வராததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

இதற்கு வழி இருக்கிறது. அனுப்பும் ஒவ்வொரு தாளிலும் இரண்டு வடிவத்தையும் எழுதுங்கள்: புதுப் பாஸ்போர்ட்டின்படி இன்னது, முந்தைய அட்டையின்படி இன்னது என்று. பழைய பாஸ்போர்ட், புது பாஸ்போர்ட் இரண்டின் நகலையும் வையுங்கள். புதியதில் ஃபோட்டோ பக்கத்தோடு கடைசிப் பக்கத்தையும் நகல் எடுங்கள். அதில் அப்பா, அம்மா பெயரும், பழைய பாஸ்போர்ட் எண்ணும் அச்சாகியிருந்தால், இது எப்படி அப்பா பெயர் ஆயிற்று, இரண்டும் எப்படி ஒரே ஆள் என்பதை அந்த ஒரு பக்கமே சொல்லிவிடும். ஜெர்மன் பாஸ்போர்ட்டில் அப்படி ஒரு பக்கம் கிடையாது, ஆகவே அவர்களாகத் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். நீங்கள்தான் காட்ட வேண்டும். முகவரிப் பதிவு செய்யும் குடிமக்கள் அலுவலகத்திலும் புது பாஸ்போர்ட்டைக் காட்டிப் பெயரைத் திருத்திக்கொள்ளுங்கள். அங்கே டெர்மின் சீக்கிரம் கிடைக்கும். பாஸ்போர்ட் மாறியதை வெளிநாட்டினர் அலுவலகத்துக்கும் சொல்லியிருக்க வேண்டும். போன வருடம் சொல்லவில்லை என்றால் இந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடலாம்.

அப்புறம் வீட்டுத் தபால் பெட்டி. இங்கே தபால்காரர் வீட்டு எண்ணைப் பார்ப்பதோடு நிற்பதில்லை, பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரையும் பார்ப்பார். பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். பெட்டியில் இப்போது என்ன எழுதியிருக்கிறது? பழைய பெயரையும் புதுப் பெயரையும் சேர்த்து ஒட்டுங்கள். அலுவலகம் எந்தப் பெயரில் பதில் போடும் என்று யாருக்குத் தெரியும்?

எச்.ஆர். விஷயத்துக்கு வருவோம். அவர்கள் மேல் கோபப்பட வேண்டாம். செல்லாத அனுமதியோடு ஒருவரை வேலைக்கு வைத்திருந்தால் நிறுவனத்துக்குப் பெரிய அபராதம் வரும். ஊழியரின் அனுமதி நகலைக் கோப்பில் வைத்திருப்பது அவர்களுடைய சட்டக் கடமை. அவர்களுக்கு வேண்டியது கோப்பில் வைக்க ஒரு தாள். பழைய அட்டையின் நகல், விண்ணப்பம் அனுப்பிய சான்று, 81ஆம் பிரிவு 4ஆம் உட்பிரிவைச் சுட்டிக்காட்டும் ஒரு மெயில், மூன்றையும் இப்போதே கொடுங்கள். நவம்பர் 27 வரை வைத்திருந்து கொடுக்காதீர்கள். பெரிய நிறுவனங்களில் சட்டப் பிரிவு பார்த்து ஒப்புக்கொள்ளும். ஃபிக்‌ஷன் தாள் இல்லாமல் முடியவே முடியாது என்றால், அதை அவர்கள் வாயால் சொன்னது போதாது. 'இன்ன தேதிக்குள் சான்று வராவிட்டால் சம்பளமில்லாமல் நிறுத்துவோம்' என்று லெட்டர்ஹெட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும்தான். ஆனால் அந்தக் கடிதத்தை அலுவலகத்துக்கு அனுப்பினால் உங்கள் கோப்பு அவசரக் கோப்பு ஆகும். அதற்கும் அசையாவிட்டால் நிர்வாக நீதிமன்றத்தில் அவசர மனு போட அதுவே ஆதாரம்.

நீதிமன்றம் என்றதும் பலர் பயந்து, அதிகாரியைப் பகைத்துக்கொண்டால் பின்னால் பழிவாங்குவார்களோ என்று கேட்கிறார்கள். இங்கே அப்படி எடுத்துக்கொள்வதில்லை. வழக்கு வந்தால் கோப்பு மேசைக்கு வரும், பெரும்பாலும் விசாரணைக்கு முன்பே வேலை முடிந்துவிடும். வேலை போகும் ஆபத்து கண்முன்னால் இருந்தால் அவசர மனுவை உடனே போடலாம். ஆபத்து இல்லை, பதில் மட்டும் வரவில்லை என்றால் விண்ணப்பித்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அதன்பிறகும் தகுந்த காரணமில்லாமல் முடிவு சொல்லாமல் இருந்தால் செயலின்மை வழக்குப் போடலாம். முதல் கட்ட நீதிமன்றத்துக்கு வக்கீல் கட்டாயமில்லை. நீதிமன்றத்திலேயே மனுவை எழுதித்தரும் பிரிவு ஒன்று இருக்கிறது. தாள்களோடு நேரில் போனால் அங்கிருக்கும் அலுவலர் நீங்கள் சொல்வதைக் கேட்டு ஜெர்மனில் எழுதுவார். நீதிமன்றக் கட்டணம் சில நூறு யூரோ ஆகும். அலுவலகம் நியாயமில்லாமல் தாமதித்திருந்தால் செலவு அவர்கள் தலையில்தான் விழும். அதற்கு முன் இரண்டு தடவையாவது, சில வார இடைவெளியில், 'என் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது' என்று எழுத்தில் கேட்டு வையுங்கள். ஃபோனில் கேட்டதெல்லாம் கணக்கில் வராது. வக்கீலிடம் போகும் முன் காரிடாஸ், டியாகோனி, ஜெர்மன் செஞ்சிலுவைச் சங்கம் போன்றவை நடத்தும் குடியேறியோர் ஆலோசனை மையம் உங்கள் ஊரில் இருக்கிறதா என்று பாருங்கள். இலவசம். கடிதத்தை ஜெர்மனில் எழுதவும் உதவுவார்கள்.

கல்யாணத்துக்குப் போகலாமா? போகலாம், ஆனால் தாள் கையில் இருந்தால் மட்டும். ஃபிக்‌ஷன் தாளின் உள்ளே மூன்று கட்டங்கள் இருக்கும். மூன்றாவது, அதாவது 81ஆம் பிரிவு 4ஆம் உட்பிரிவு என்று போட்ட கட்டத்தில் குறி இருந்தால், பாஸ்போர்ட், காலாவதியான அட்டை, இந்தத் தாள் மூன்றையும் சேர்த்துக் காட்டித் திரும்பி வரலாம். மற்ற இரண்டு கட்டங்களில் குறி இருந்தால் வெளியே போனவர் புது விசா இல்லாமல் உள்ளே வர முடியாது. உங்கள் நிலைக்கு மூன்றாவதுதான் வர வேண்டும். ஆனாலும் கவுண்டரில் வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். தாளில் ஒரு முடிவுத் தேதி இருக்கும். நீங்கள் திரும்பும் நாள் அதற்கு முன்னால் இருக்க வேண்டும். சில நகரங்கள் ஃபிக்‌ஷன் தாளுக்குப் பதில் மெயிலில் ஒரு உறுதிக் கடிதம் மட்டும் அனுப்புகின்றன. எச்.ஆருக்கு அது ஒருவேளை போதும். விமான நிலையத்தில் போதாது. பயணத் தேதியைச் சொல்லி, டிக்கெட் நகலையும் வைத்து, முறையான தாளையே கேளுங்கள்.

தோஹா வழி டிக்கெட் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஜெர்மன் எல்லைக் காவலருக்கு இந்தத் தாள் பழகியது. ஊரிலிருந்து திரும்பும்போது செக்‌இன் கவுண்டரில் இருப்பவருக்கோ, இடையில் மாறும் இடத்தில் போர்டிங் பாஸைப் பார்ப்பவருக்கோ அது பழக்கமில்லை. சரியான ஆவணமில்லாதவரை ஏற்றி வந்தால் விமான நிறுவனத்துக்கு அபராதம் என்பதால், சந்தேகம் வந்தால் ஏற்ற மறுப்பார்கள். சென்னையிலிருந்து ஃபிராங்ஃபர்ட்டுக்கு நேரடி விமானம் இருக்கிறது. மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் வழக்கத்தைவிட முன்கூட்டியே விமான நிலையம் போய், ஜெர்மன் தூதரகத்தையோ எல்லைக் காவலையோ கேட்டுச் சொல்லுமாறு அவர்களைக் கேட்க நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலாவதியான அட்டையை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அது இல்லாமல் அந்தத் தாள் தனியாக நிற்காது.

டிசம்பர் நடுவில் கூடத் தாள் வரவில்லை என்றால் போகாதீர்கள். தங்கை கல்யாணத்துக்குப் போகாதே என்று சொல்வது எனக்கும் கஷ்டம்தான். ஆனால் தாளில்லாமல் போனால் சென்னை ஜெர்மன் துணைத் தூதரகத்தில் விசாவுக்கு வரிசையில் நிற்க வேண்டிவரும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும், அதுவரை வேலையின் கதி என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதனால்தான் விண்ணப்பம் இந்த வாரமே போகட்டும் என்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி. நிரந்தர அனுமதிக்கு இந்த நாட்டின் சட்டம், சமூக ஒழுங்கு பற்றிய அடிப்படை அறிவும் கேட்பார்கள். 'லேபன் இன் டாய்ச்லாண்ட்' (ஜெர்மனியில் வாழ்க்கை) தேர்வு எழுதினால் போதும்: 33 கேள்வி, 60 நிமிடம், 15 சரியாக இருந்தால் தேர்ச்சி. கேள்விகள் எல்லாம் முன்கூட்டியே இணையத்தில் கிடைக்கும் 310 கேள்விகளிலிருந்துதான் வரும், கட்டணம் 25 யூரோ. ஏ1 அளவு ஜெர்மனோடு படித்து எழுதிவிடலாம், சாஃப்ட்வேர்காரருக்கு மனப்பாடம் ஒன்றும் புதிதில்லை. உங்கள் ஊரின் மக்கள் கல்வி மையமான ஃபோக்ஸ்ஹோக்‌ஷூலெயில் தேர்வுத் தேதிகள் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும், முடிவு தபாலில் வரவும் சில வாரம் பிடிக்கும். இப்போதே பதிவு செய்து, பதிவு ரசீதை விண்ணப்பத்தோடு வையுங்கள். பக்கத்து ஊரில் இடம் இருந்தால் அங்கேயும் எழுதலாம்.